குளியலறை வாசலில் இரண்டு அன்னங்கள்

சிவபிரகாஷின் வாயிலிருந்து ஒரு நாளைக்கு இருபது முறையாவது "அரை எம்எம்" வந்துவிடும். முடிவெட்டுகிறவரிடம்கூட அப்படித்தான் சொல்வான் என்று அவன் மனைவி ரோகிணி சொன்னாள். நம்பாமல் இருக்கக் காரணம் இல்லை.

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூர் போகும் சாலையில் அவனுக்கு ஒரு சிஎன்சி கடை இருக்கிறது. எட்டடிக்கு நாலடி மேசை ஒன்று. அதன்மேல் மோட்டார் பொருத்திய தலை ஒன்று தொங்கும். கணினியில் படத்தை ஏற்றிவிட்டால் அந்தத் தலை சுழன்றுகொண்டே இறங்கி, தேக்குப் பலகையில் யானையையும் தாமரையையும் தானாகச் செதுக்கிவிடும். வேலை இவ்வளவுதான். இதைச் சொல்ல அவனுக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

அவனுடைய அம்மா வீரலட்சுமியைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். நோயாளிகளைப் பராமரிப்பது என் தொழில். அதனால் அந்தக் குடும்பத்தின் கதையில் கழுவித் துடைக்கிற பகுதியெல்லாம் எனக்குத் தெரியும். மீதியை வீரலட்சுமி சொன்னாள்.

நாட்டரசன்கோட்டைப் பக்கம் நாலு ஏக்கர் நிலம் அவர்களுக்கு. சிவபிரகாஷுக்கு ஒன்பது வயதாகும்போது தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். வீரலட்சுமி மிளகாயும் நெல்லும் போட்டு, மகனை டிப்ளமோ படிக்கவைத்தாள். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் எட்டு வருடம் வேலை பார்த்தான். அங்கே அவன் இரண்டு விஷயம் கற்றுக்கொண்டான். அளவு தவறினால் பம்பு ஓடாது. அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார். இரண்டாவது பாடம் அவனுக்கு அதிகம் பயன்பட்டது.

ஊருக்குத் திரும்பி வந்தபோது இங்கே ஒரு விநோதமான வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பழைய பெரிய வீடுகளை இடித்து நிலைகளையும் கதவுகளையும் வெளியூருக்கு ஏற்றுவார்கள். அதே தெருவில் புது வீடு கட்டுகிறவர்கள், போன நிலையைப் போலவே ஒன்று வேண்டும் என்பார்கள். சிவபிரகாஷ் இரண்டுக்கும் நடுவில் புகுந்தான். ஏற்றுவதற்கு முன்னால் ஓடிப்போய்ப் பழைய நிலையை ஸ்கேன் எடுத்துவிடுவான். பிறகு எத்தனை பேர் கேட்டாலும் அதே நிலை. அப்படி எடுத்த முதல் நிலையில் யானையின் தும்பிக்கையில் ஒரு விரிசல் இருந்தது. மெஷின் அதையும் அச்சுப் பிசகாமல் செதுக்கியது. இன்று காரைக்குடியில் குறைந்தது முப்பது வீட்டு வாசலில் தும்பிக்கை வெடித்த யானை நிற்கிறது. யாராவது கேட்டால், "அதுதாங்க ஒரிஜினல்ங்கிறதுக்கு அடையாளம்" என்பான். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நெற்குப்பை ஆச்சி ஒருவர்தான் தலையாட்டாதவர். ஆளுயரப் பூஜை அலமாரிக்கு, அகலம் குறைந்த ஒரு நிலை கேட்டிருந்தார். மேல் சட்டத்தில் இரண்டு அன்னம், ஒன்றையொன்று பார்த்தபடி. சிவபிரகாஷ் கணினியில் ஓர் அன்னத்தை வரைந்தான். அதை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டினான். திருப்பிப் போட மறந்துவிட்டான். இரண்டு அன்னமும் இடதுபக்கம் பார்த்துக்கொண்டு, ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்றன.

"என்ன தம்பி, ரேசன் கடைக்குப் போகுதுகளா?" என்று கேட்டாராம் ஆச்சி.

"ஆச்சி, ஃபினிஷிங்கப் பாருங்க. அரை எம்எம் மாறாது."

"மூஞ்சி மாறிப்போச்சேப்பா. தூக்கிக்கிட்டுப் போ."

தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வருடம்தான் காரைக்குடி ஓரத்தில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தான். வேண்டாமென்று திரும்பி வந்த சரக்கெல்லாம் வீட்டுக்குள் ஏறியது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கோணல் தாமரை. மாடிப்படியில் இரண்டு விதமான கைப்பிடி. வீரலட்சுமியின் அறையை ஒட்டிய குளியலறைக்கு அன்னங்கள். சாமி உருவம் இல்லாததால் குளியலறைக்குப் பொருந்தும் என்று அவனே முடிவு செய்துகொண்டான். அலமாரிக்குச் செய்த நிலை என்பதால் உள் அகலம் இரண்டே அடி. பக்கத்துக்கு ஆறங்குலம் பூவேலை. கீழே நாலங்குல உயரத்தில் படி. கொத்தனார் அதற்கேற்ப சுவரில் மூன்றடி விட்டுக் கட்டினார். நல்ல நேரம் பார்த்து, கீழே நவதானியமும் குண்டுமணிப் பொன்னும் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து நிலையை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "கடைக்குத் தனியா ஷோரூம் எதுக்கு? நம்ம வீடே ஷோரூம்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலை, அந்த நாலங்குலப் படியில் கால் தடுக்கி வீரலட்சுமி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது.

மதுரையில் அறுவை சிகிச்சை. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டரிடம் சிவபிரகாஷ் முதலில் கேட்டது, "சார், கம்பி எத்தனை எம்எம்? டாலரன்ஸ் என்ன, எம்புட்டு முன்னப்பின்ன இருக்கலாம்?" அவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, வீட்டுல படி, வாசல் தடுப்பு எல்லாத்தையும் எடுத்துருங்க. மூணு மாசம் வீல்சேர்தான்" என்றார். அடுத்த ஒரு வாரம், விசாரிக்க வந்த எல்லாரிடமும் அந்தக் கம்பி சிஎன்சியில் கடைந்தது என்று சொன்னான். டாக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது வீரலட்சுமி வீட்டுக்கு வந்த நாளில். அறுபத்து மூன்று வயது, தெளிவான புத்தி, வலுவான கைகள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரே ஒரு ஆள் போதும். நேராகக் குளியலறைக்குத் தள்ளினேன். நிலையில் மோதி நின்றது நாற்காலி.

சத்தம் கேட்டு சிவபிரகாஷ் வந்தான். கையில் நீளமான டிஜிட்டல் காலிபர், எம்எம் கணக்கில் அளக்கிற கருவி. நிலையை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தான்.

"அறுநூத்தி ஒம்பது புள்ளி ஆறு. மூணு எடத்துலயும் அதேதான். நிலை கரெக்டா இருக்கு ஹாஜிராம்மா. சேர்தான் அகலம்."

"சரி தம்பி. நிலைய எடுத்துருங்க."

"எடுக்கவா?"

"எடுத்துட்டு ஒரு திரைச்சீல போட்டாக்கூடப் போதும்."

"என்ன ஹாஜிராம்மா வெளையாடுறீக? பொன்னு போட்டு வச்ச நிலை. அதுவும் ரோகிணி அஞ்சு மாசம். புள்ளத்தாச்சி இருக்க வீட்டுல ஆணி அடிக்கவே யோசிப்பாக. நிலையப் பேத்தெடுக்கச் சொல்றீகளே."

"அப்பக் கீழ்ப்படிய மட்டும் அறுங்க. பின்னால மத்ததப் பாப்போம்."

"கீழ்ப்படி இல்லைன்னா அது நிலையே இல்ல. நாலு பக்கமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு லாக் ஆயிருக்கு. ஒண்ண எடுத்தா மத்தது ரெண்டு எம்எம் வெலகிரும்."

"வெலகட்டுமே."

கையை வெட்டச் சொன்னதுபோல் என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

பிள்ளைத்தாய்ச்சி வீட்டில் வேலை எடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். எங்கள் தெருவிலும் அதைப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் பிள்ளை பிறக்க இன்னும் நாலு மாதம். சிறுநீர்ப்பைக்கு நாலு மணி நேரம்தான் கணக்கு.

பெட்பேன் வைத்தேன். வீரலட்சுமி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். டயப்பர் என்றதும் கையாலேயே தள்ளிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. முதல் வாரத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், பிறகு பழகிவிடுவார்கள். இவள் பழகவில்லை. காலையில் நிரப்பி வைக்கிற தண்ணீர்ச் செம்பு மாலையில் காலியாக இருக்கும். சிறுநீரோ அரை டம்ளர்கூட வராது. வருவதும் கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது. இரண்டாவது வாரம், கட்டிலை ஒட்டிய ஜன்னலில் இருந்த கற்பூரவல்லிச் செடி அழுகிச் சாய்ந்தது.

"தண்ணி குடிச்சியா வீரலட்சுமி?"

"குடிச்சேன்."

"செடி குடிச்சிருக்கு."

விசிறியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"குடிச்சா வரும் ஹாஜிராக்கா. வந்தா நீங்க சட்டிய நீட்டுவீக. எம்மகன் அங்குட்டும் இங்குட்டும் போய்க்கிட்டு இருப்பான். புள்ளத்தாச்சி மருமக வாந்தி எடுப்பா. என்னத்துக்கு? கதவச் சாத்திக்கிட்டு நானா உக்காந்து நானா எந்திரிச்சு வாரேன். அன்னைக்குத் தண்ணி குடிக்கிறேன். அதுவரைக்கும் நாக்க நனைச்சாப் போதும்."

இதில் வாதாட ஒன்றும் இல்லை. நாற்காலியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துத் தானே மாறிக்கொள்ளும் அளவுக்கு அவளுக்குக் கையில் தெம்பு இருந்தது. தடுத்தது அந்த அன்னங்கள் மட்டும்தான். நான் மகனிடம் போனேன். தண்ணீர் குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "சொல்யூஷன் யோசிக்கிறேன்" என்றான்.

அவன் யோசித்துக்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில் வீரலட்சுமிக்குக் குளிர்க்காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று. ஐந்து நாள் ஊசி. இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகத்தில் போய் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதும் சிவபிரகாஷ் முகம் வெளுத்துவிட்டது. அம்மா மேல் பிரியம் இல்லாதவன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாளே கடையில் போய் உட்கார்ந்து கணினியைத் திறந்தான். பத்து நாள் ராப்பகலாக வரைந்தான். பத்து நாளும் அவன் அம்மா நாக்கை நனைத்துக்கொண்டு கிடந்தாள்.

பதினோராம் நாள் ஒரு வேனில் அந்தச் சொல்யூஷன் வந்து இறங்கியது.

மலம் கழிக்கும் நாற்காலி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். தேக்கு. கைப்பிடி இரண்டும் மயில். இந்த முறை மறக்காமல் ஒன்றையொன்று பார்த்தன. முதுகுச் சாய்மானத்தில் விரிந்த தோகை. நடுவில் வட்டமாக வெட்டி, அதன்மேல் தாமரை செதுக்கிய மூடி. மருந்துக்கடையில் அந்தப் பதினோரு நாளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாசலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதை வாங்கினாலும் வீரலட்சுமி அறைக்குள் உட்காரப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

வீரலட்சுமி அதை நன்றாகப் பார்த்தாள்.

"இதுல உக்காந்து கல்யாணத்துக்குத் தாலி எடுத்துக் குடுக்கலாம்டா. ஒண்ணுக்கு எப்படிறா போறது?"

"அம்மா, ஓட்டைய உங்க அளவுக்குப் போட்டிருக்கேன். கரெக்டா இருநூத்தி முப்பது எம்எம்."

"எப்ப அளந்த?"

தாமரை மூடியைத் தூக்கிக் காட்டினான். அடியில் வைக்க வேண்டிய வாளி உள்ளே நுழையவில்லை, அதை அவன் அளக்கவில்லை. மயிலின் கொண்டை உட்காருகிறவரின் முழங்கைக்கு நேராக இருந்தது. தாமரை மூடியை மூடி, ஹாலில் கொண்டுபோய் வைத்தோம். அதுவும் ஷோரூமில் சேர்ந்தது.

அந்த வாரத்தில்தான் சென்னையிலிருந்து அர்ஷியா வந்தாள். கட்டட வடிவமைப்பாளர். முப்பது வயது இருக்கும். பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றும் வேலை அவளிடம் இருந்தது. சிவபிரகாஷின் கடை தொடங்கியதிலிருந்து வந்ததில் பெரிய ஆர்டர் அது. வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினான். கோணல் தாமரையை ஆகமம் என்றான், கைப்பிடி இரண்டும் வேறாக இருப்பதை ஆண் பெண் தத்துவம் என்றான். அந்தப் பெண் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே வந்து, வீரலட்சுமியின் அறை வாசலில் நின்றாள்.

"இந்த ஸ்வான்ஸ் எந்த ரூமுக்கு சார்?"

"அது வந்து... பாத்ரூம் மேடம். ஃபினிஷிங்கப் பாருங்க."

அவள் தோள்பையிலிருந்து டேப்பை எடுத்துத் தானே அளந்தாள். "கிளியரா இருபத்திநாலுதான் இருக்கு."

"இருபத்திநாலுன்னா இருபத்திநாலு மேடம். பாயின்ட் ஒண்ணு மாறாது."

"அதான் சார் பிரச்சினை. எங்க ஹோட்டல்ல கிரவுண்ட் ஃப்ளோர் முழுக்க வீல்சேர் தாராளமா போகணும். கீழ படியே இருக்கக் கூடாது. ஓனரோட முதல் கண்டிஷன் அது." பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். மடக்கி வைத்திருந்த வீல்சேரைப் பார்த்தாள். "அம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"அந்தப் படியிலதான் விழுந்தேன் தாயி" என்றாள் வீரலட்சுமி. "அன்னப்பட்சிக்குக் கீழ."

"இந்தப் படியிலயா? அப்புறம் இன்னும் ஏன் எடுக்கல?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். அதற்குள் டீயோடு வந்த ரோகிணி, தட்டை மேசைமேல் வைத்தாள்.

"என் வயிறுதான் காரணமாம் மேடம். நான் ஒண்ணும் சொல்லல. என்னைக் கேக்கவும் இல்ல."

அர்ஷியா சிவபிரகாஷைப் பார்த்தாள்.

"எடுக்கத்தான் மேடம் போறோம்" என்றான் சிவபிரகாஷ். "வீல்சேருக்குன்னே ஒரு மாடல் ரெடியாகிட்டு இருக்கு. இங்கதான் ஃபர்ஸ்ட் பீஸ் போடுறோம்." அந்த வீட்டில் ஒன்றரை மாதம் இருந்த எனக்கு அப்போதுதான் அந்தச் செய்தி தெரிந்தது. கட்டிலில் இருந்தவளுக்கும்தான்.

"அப்படியா? நாளை மறுநாள் காலைல பதினொரு மணிக்கு வர்றேன். பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று அர்ஷியா கிளம்பினாள்.

கார் தெருமுனை திரும்பியதும் அவன் போனை எடுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டான். ரோகிணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, நேத்து வரைக்கும் என் வயிறு குறுக்க நின்னுச்சு. ஆர்டர் வரவும் வழி விட்டுருச்சாக்கும்?"

"நிலைய அசைக்கல ரோகிணி. இது ரீப்ளேஸ்மென்ட். வேற."

"பொன்னும் நவதானியமும்?"

"அதைத் தொடமாட்டோம். அப்படியே கீழ இருக்கட்டும்."

"கேட்டிருந்தா நான் அஞ்சு மாசத்துலயே சொல்லியிருப்பேன், எடுங்கன்னு. இப்ப ஆறரை மாசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கொத்தனார் கருத்தையா வந்து சுற்றிப் பார்த்தார். சுவருக்குள் போன இரும்புப் பிடிகளைக் கிரைண்டரால் அறுத்து, கடப்பாரையால் நெம்பினார். ஒன்றரை மாதம் நகராத நிலை ஒன்றரை மணி நேரத்தில் கழன்று வந்தது. அன்னங்கள் இரண்டும் சேதமில்லாமல், அதே வரிசையில், கொல்லைப்பக்கம் போய்ச் சாய்ந்தன.

புது நிலைக்கு சிவபிரகாஷ் மறுபடியும் காலிபரோடு வந்து வீல்சேரை அளந்தான். "அறுநூத்தி அம்பது" என்று எழுதிக்கொண்டான். நான் நோட்டை வாங்கி மூடினேன்.

"உக்காருங்க தம்பி."

"எங்க?"

"அதுலதான். நீங்களாத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். நிலை இல்லாத மூன்றடிச் சுவர் வாசலில் முதல் தடவை நேராகப் போய்விட்டான். கொல்லையிலிருந்து பழைய நிலையைக் கொண்டுவந்து, அதன் ஒரு பக்கச் சட்டம் மட்டும் வாசலுக்குள் ஆறங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். கருத்தையா பிடித்துக்கொண்டார். இந்த முறை நாற்காலி நுழைந்தது. சக்கரத்தைப் பிடித்திருந்த கை நுழையவில்லை. விரல்முட்டி நான்கும் பூவேலையில் உரசி, தோல் உரிந்து ரத்தம் வந்தது.

"ஸ்ஸ்... ஆ!"

"எம்புட்டு ஆழம் தம்பி? அரை எம்எம் இருக்குமா?" என்று கட்டிலிலிருந்து கேட்டாள் அவன் அம்மா.

மருந்து போட்டுவிட்டேன். நாற்காலியை அளந்தால் போதாது, அதைத் தள்ளுகிற கை வெளியே நிற்கிறது என்பது அதற்குப் பிறகு அவனுக்குப் புரிந்தது. வீரலட்சுமியை உட்காரவைத்து, கை எட்டுகிற உயரம், முழங்கால் உயரம், திரும்புகிற இடம் எல்லாவற்றையும் தையல்காரர் டேப்பில் எடுத்தோம். அவளும் உற்சாகமாகக் காலை நீட்டிக் காட்டினாள். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்.

"தாப்பா உள்பக்கம் வேணும். எனக்கு எட்டுற மாதிரி."

நான் தடுத்தேன். உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். வெளியிலிருந்து நாணயத்தை நுழைத்துத் திருப்பினால் திறக்கிற தாழ்ப்பாள் ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒத்துக்கொள்வேன் என்றேன். ஒரே மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஆர்டர் கையில் இருக்கும்போது அவன் வேகமே தனி.

மறுநாள் காலை மெஷின் ஓடியதைப் போய்ப் பார்த்தேன். ஒன்றேகால் அங்குல கனத்தில் நேரான சட்டம். விளிம்பு மட்டும் மழுங்கலாக உருட்டியிருந்தது. யானை இல்லை, கொடி இல்லை. அந்தத் தலை அப்படி இழைந்து போனதைப் பார்த்தபோது ஒன்று சொல்லத்தான் வேண்டும், மெஷின் நல்ல மெஷின். மாலைக்குள் நிலையை நிறுத்தி, அகலமான புதுக் கதவையும் மாட்டினார்கள். இணைப்பில் தாள்கூட நுழையவில்லை. கதவு ஒரு விரலால் தள்ளினால் மூடியது. கீழே தரை மட்டம். அந்த ஊர் முழுக்க அவன் வைத்த நிலைகளில் யானையோ பறவையோ பூவோ இல்லாதது அது ஒன்றுதான். சுவரில் மாட்ட ஒரு பலகையும் தயாராக வந்தது: வீரலட்சுமி மாடல்.

"எம்பேர ஏண்டா கக்கூஸ்ல எழுதி ஒட்டுற?" என்றாள் அவள். பலகை கழன்றது.

பதினொரு மணிக்கு அர்ஷியா வருவதாகச் சொன்ன நாள், காலை ஆறு மணிக்கு வீரலட்சுமி என்னைக் கூப்பிட்டாள்.

"ஹாஜிராக்கா, செம்ப எடுங்க."

முழுச் செம்பும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு செம்பு கேட்டாள். எட்டு மணிக்குக் காப்பி. பத்து மணிக்கு மோர். நான் அளவை நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். பத்தே முக்காலுக்கு அவள் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு போனாள். விரல் எங்கும் படவில்லை. கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. நான் வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

பத்து ஐம்பத்தைந்துக்குக் கார் வந்துவிட்டது. சிவபிரகாஷ் வெள்ளைச் சட்டையில், விரல்முட்டியில் பிளாஸ்திரியோடு அர்ஷியாவை அழைத்து வந்தான். மூடிய கதவுக்கு முன்னால் நின்றான். தட்டினான்.

"அம்மா, மேடம் வந்துட்டாக."

"வரட்டும்."

"கதவப் பாக்கணுமாம்மா."

"வெளிய இருந்து பாத்தா கதவு தெரியாதா? நல்லாப் பாக்கச் சொல்லு."

"உள்பக்கமும் காட்டணும்மா. சீக்கிரம் வாங்க."

"உள்ள ஆள் இருக்குடா!"

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. ஐந்து ரூபாய் நாணயம் வெளியே வந்தது. தாழ்ப்பாளின் துளைமேல் என் உள்ளங்கையை வைத்தேன்.

"அது ஆபத்துக்கு, தம்பி."

"இது ஆபத்துதான் ஹாஜிராம்மா" என்று பல்லைக் கடித்தான்.

"பரவால்ல சார், நான் வெயிட் பண்றேன்" என்ற அர்ஷியா, உட்கார இடம் தேடினாள். ஹாலில் கண்ணில் பட்டது மயில் நாற்காலி. போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். தோகையைத் தடவிப் பார்த்தாள். சிவபிரகாஷ் என்னைப் பார்த்தான். ரோகிணி சமையலறைக்குள் போய்விட்டாள். நான் நோட்டைப் புரட்டினேன். யாரும் பயன்படுத்தாத நாற்காலிதான், சுத்தமானது.

இருபது நிமிடம் ஆயிற்று. தண்ணீர் ஊற்றும் சத்தம், ஒரு இருமல், அப்புறம் தாழ்ப்பாள். வீரலட்சுமி தானே கதவை இழுத்துக்கொண்டு, தானே உருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். கையின் ஈரத்தைக்கூடத் துடைத்திருந்தாள். அர்ஷியா எழுந்து போய் நிலையை அளந்தாள், விளிம்பைத் தடவினாள், கீழே குனிந்து தரையைப் பார்த்தாள்.

"சார், இதான் எங்களுக்கு வேணும். பன்னிரண்டு கதவு, இதே மாதிரி. கார்விங் ஒண்ணுகூட வேண்டாம்."

பன்னிரண்டு என்றதும் மலர்ந்த சிவபிரகாஷின் முகம், கார்விங் வேண்டாம் என்றதும் பாதியில் நின்றது.

"அதுக்குப் பதிலா ஒண்ணு" என்று திரும்பினாள் அர்ஷியா. "ரிசப்ஷன்ல போட இந்தச் சேர் ரெண்டு பண்ணித் தர முடியுமா? உக்காந்தா அவ்ளோ நல்லா இருக்கு. சீட்டு நடுவுல தாமரை வச்சிருக்கீங்க பாருங்க, அது எதுக்கு சார்?"

சிவபிரகாஷ் வாயைத் திறந்தான். முதல்முறையாக அவனிடம் ஒரு அளவும் இல்லை.

வீரலட்சுமி சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்க வலிக்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நடுவில் சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயையோ, தள்ளுங்க தள்ளுங்க" என்று நாற்காலியைத் திருப்பி, அர்ஷியாவையும் மகனையும் ஒதுக்கிக்கொண்டு, மறுபடியும் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.